ஒரே கரண்டு, ஒரே மிஷினு: சில கட்டிகள் ஏன் கதிருக்கு மசியறதில்லை?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா அங்கங்க சுருக்கியிருக்கேன். பேச்சு நடையைப் பெருசா மாத்தலை.)



2021 மே மாசத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. கொரோனா ரெண்டாவது அலை. ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஊரே அலைஞ்சுக்கிட்டிருந்த நேரம். அப்போ ஒரு செய்தி வந்தது. டிஆர்டிஓ ஒரு மருந்து கொண்டுவந்திருக்கு, பேரு 2-டிஜி, ஓஆர்எஸ் மாதிரி பாக்கெட்ல வர்ற பொடி, தண்ணியில கலக்கிக் குடிக்கணும்னு. டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி ஒரு பாக்கெட்டுக்கு 990 ரூபாய்னு விலை அறிவிச்சது. ஏவுகணை செய்யற டிஆர்டிஓ-வுக்கு மருந்துல என்ன வேலைன்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கிண்டல்.

ஆனா அந்தப் பொடி கொரோனாவுக்காகப் பிறந்ததே இல்லை. கேன்சர் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது அந்தக் கட்டி தப்பிச்சுக்கக் கூடாதுன்னு டெல்லியில ஒரு குழு பல வருஷம் உழைச்ச மருந்து அது. கேன்சர் செல் எப்படிச் சாப்பிடுது, சாப்பிட்டதை வெச்சு எப்படிக் கதிர்கிட்டேயிருந்து தப்பிக்குது, அதைத் தடுக்க யார் யார் என்ன பண்ணிப் பார்த்தாங்க. இன்னைக்கு இதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

வழக்கமா சொல்றது தான்: நான் டாக்டர் இல்லை. தினமும் விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி வேலைக்குப் போற சாஃப்ட்வேர் ஆளு. படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். உங்க சிகிச்சையைப் பத்தின முடிவை உங்க டாக்டர்கிட்ட பேசி எடுங்க.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது

எங்க அத்தை திருவொற்றியூர். கருப்பைவாய்ப் புற்றுநோய். 25 நாள் வெளியிலேருந்து கதிர்வீச்சு, வாரத்துக்கு ஒரு தடவை சிஸ்பிளாட்டின் டிரிப், கடைசியா உள்ளே வைக்கிற கதிர்வீச்சு. எங்க பக்கம் இதைக் கதிர்வீச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "கரண்டு வைக்கிறாங்க" தான். அத்தைகூடவே அதே மாசத்துல எண்ணூர்க்கார அக்கா ஒருத்தங்களுக்கும் கரண்டு வெச்சாங்க. ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே நிலைல தான் நோய். அந்த அக்கா இப்ப காசிமேட்டுல மீன் எடுத்து வியாபாரம் பண்றாங்க. அத்தைக்கு ஒன்றரை வருஷத்துல அதே இடத்துல திரும்ப வந்துடுச்சு. இப்ப கீமோ போய்க்கிட்டிருக்கு.

ஒரு நாள் அத்தை கேட்டாங்க: "நீ படிச்சவன் தானேடா, சொல்லு. ஒரே மிஷினு, ஒரே கரண்டு. அவளுக்குக் கேட்டது, எனக்கு ஏன் கேக்கல? நான் என்னடா பண்ணேன்?"

அந்தக் கடைசி கேள்வி இருக்கே, அது தான் என்னை உட்கார்ந்து படிக்க வெச்சது. அதுக்கான பதிலை முதல்லயே சொல்லிடறேன்: அத்தை எதுவும் பண்ணலை. பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு கட்டி வெளியில ஒரே அளவு இருக்கலாம், உள்ளே நடக்கற சமையல் வேற வேற. கதிருக்குத் தாக்குப்பிடிக்கறதுக்கு இது மட்டுமே காரணம்னு சொல்ல வரலை. மரபணு மாற்றம், கட்டியோட அளவு, பரவல்னு நிறைய இருக்கு. ஆனா இந்தச் சமையல் ஒரு பெரிய காரணம்.

கரண்டு உள்ளே போய் என்ன பண்ணுது

முதல்ல, அதுல கரண்டே கிடையாது. அது எக்ஸ்ரே மாதிரியான கதிர், ஆனா பல மடங்கு வீரியம் அதிகம். லீனியர் ஆக்சிலரேட்டர் மிஷின்லேருந்து வரும், இல்லை கோபால்ட்-60 லேருந்து வரும். சென்னைக்கு இது புதுசு இல்லை. சென்ட்ரல் எதிர்ல ஜி.ஹெச்.ல இருக்கற பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934-ல் திறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில 1954-ல் தொடங்கின அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு அந்த 1950களிலேயே கோபால்ட் மிஷின் வந்துடுச்சு.

எங்க மாமா மணலி பக்கம் பைப் வெல்டர். வெல்டிங் போட்ட பிறகு ராத்திரி நேரத்துல ஆளையெல்லாம் தள்ளி நிக்க வெச்சு, ஜாயின்ட்டைக் கதிரால படம் எடுப்பாங்க. உள்ளே விரிசல் இருக்கான்னு பார்க்க. அதுக்கு அதிகமா பயன்படறது இரிடியம்-192. அத்தைக்கு உள்ளே வெச்ச கதிர்வீச்சு மாதிரியான சிகிச்சைக்கும் பெரும்பாலும் அதே இரிடியம்-192 தான். இதைச் சொன்னப்ப மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சரி, கதிர் செல்லுக்குள்ள போனா? செல்லுல பெரும்பகுதி தண்ணி. கதிர் அந்தத் தண்ணி மூலக்கூறை உடைக்குது. உடைஞ்ச துண்டுகளுக்கு வெறி அதிகம், கிடைச்சதைக் கடிக்கும். ஃப்ரீ ராடிக்கல்னு சொல்றோமே, அது தான். அது டிஎன்ஏ-வைக் கடிக்குது. கதிரால வர்ற டிஎன்ஏ சேதத்துல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு இந்த வழியில தான். மிச்சம் கதிரே நேரா அடிக்கிறது.

கணக்கு என்னன்னா, 1 கிரே அளவு கதிர் ஒரு செல்லுல சுமார் 1,000 ஒற்றை இழை உடைப்பு பண்ணும். ரெண்டு இழையும் சேர்ந்து அறுந்து போறது சுமார் 40. வழக்கமா ஒரு நாளைக்கு 2 கிரே கொடுப்பாங்க. ஒற்றை இழை உடைஞ்சா செல் சுலபமா ஒட்டிக்கும். ரெண்டு இழையும் அறுந்தா தான் உயிருக்கு ஆபத்து.

செல்லு சும்மா இருக்குமா? உடனே ரிப்பேர் ஆரம்பிச்சுடும். எங்க வேலையில ராத்திரி சர்வர் விழுந்தா ஆன்-கால் டீம் எழுந்து பேக்கப்லேருந்து எடுத்துச் சரி பண்ணுவாங்க இல்ல, அதே தான். பக்கத்துல இருக்கற நல்ல நகலைப் பார்த்து, அறுந்த இடத்தைத் திரும்ப எழுதற வசதி செல்லுக்கு இருக்கு. சில மணி நேரத்துல முக்கால்வாசி வேலை முடிஞ்சுடும். கட்டி சாகுதா பிழைக்குதாங்கறது இந்த அடிக்கும் ரிப்பேருக்கும் நடுவுல இருக்கற போட்டி.

கடைசி வீட்டுக்குத் தண்ணி வராது

இந்தப் போட்டியில முதல் நடுவர் ஆக்சிஜன்.

கதிர் அடிச்சு டிஎன்ஏ உடைஞ்ச அந்த நொடியில, பக்கத்துல ஆக்சிஜன் இருந்தா உடைஞ்ச முனையில போய் ஒட்டிக்கும். உடைஞ்ச இரும்பு துருப்பிடிச்ச மாதிரி. மாமாவைக் கேட்டா சொல்வார், துருப்பிடிச்ச முனையை அப்படியே சேர்த்து ஒட்ட முடியாது. ஆக்சிஜன் இல்லைன்னா முனை சுத்தமா இருக்கும், செல் சட்டுனு ஒட்டிடும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல, ஆக்சிஜன் இருக்கற செல்லுக்குக் கொடுக்கறதைவிட ரெண்டரையிலேருந்து மூணு மடங்கு கதிர் தேவை. இங்கிலாந்துல லூயிஸ் ஹெரால்ட் கிரேயும் அவரோட சகாக்களும் 1953-ல் இதைத் தெளிவா எழுதினாங்க. கதிர் அளவுக்கு "கிரே"ன்னு பேர் வந்தது அவர் ஞாபகமா தான்.

கட்டிக்குள்ள ஆக்சிஜன் ஏன் இல்லாம போகுது? எங்க தெருவுல மெட்ரோ வாட்டர் லைன் இருக்கு. தண்ணி விடற நேரத்துல முதல் நாலு வீட்டுக்காரங்க மோட்டார் போட்டு உறிஞ்சிடுவாங்க. கடைசி வீட்டுல குழாயைத் திறந்தா காத்து தான் வரும். கட்டியும் அப்படித்தான். அவசர அவசரமா வளர்ந்ததால ரத்தக் குழாய் ஒழுங்கா போடலை. குழாய்க்குப் பக்கத்துல இருக்கற செல்கள் ஆக்சிஜனை உறிஞ்சிடுது. தள்ளி இருக்கறதுக்கு வர்றதில்லை. எவ்வளவு தள்ளி? 0.2 மில்லிமீட்டரைக்கூடத் தாண்ட வேண்டாம், ரெண்டு தலைமுடி தடிமன். 1955-ல் கிரேயும் டாம்லின்சனும் நுரையீரல் கட்டிகளை வெட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்பால செல்கள் செத்துக் கிடக்கு. செத்ததுக்கும் உயிரோட இருக்கறதுக்கும் நடுவுல ஒரு வரிசை இருக்கு. மூச்சுத் திணறிக்கிட்டு, ஆனா சாகாம. கதிருக்கு மசியாதது அந்த வரிசை தான்.

இந்தத் தெருவை மறந்துடாதீங்க, பின்னாடி திரும்ப வருவோம்.

மாவு புளிக்கிற கதை

அந்தக் கடைசி வீட்டு செல் ஆக்சிஜன் இல்லாம எப்படி வாழுது?

இட்லி மாவு ஆட்டி மூடி வெச்சா காலைல பொங்கியிருக்கும், புளிச்சிருக்கும். அதுல இருக்கற நுண்ணுயிரி மாவுச் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே பாதியில உடைச்சு லாக்டிக் அமிலமா மாத்துது. கேன்சர் செல்லும் அதையே செய்யுது. குளுக்கோஸைப் பாதி மட்டும் உடைச்சு லாக்டேட்டா வெளியே தள்ளுது.

இதுல ஆச்சரியம் என்னன்னா, ஆக்சிஜன் தாராளமா கிடைக்கற செல்லும் இதையே பண்ணுது. 1920களில் ஜெர்மனியில ஓட்டோ வார்பர்க் இதைப் பார்த்துட்டு அசந்துபோனார். ஏன்னா இது நஷ்ட வியாபாரம். ஒரு குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியாவுல முழுசா எரிச்சா சுமார் 30 ஏடிபி கிடைக்கும். ஏடிபி தான் செல்லோட சில்லறைக் காசு. பாதியில நிறுத்தினா வெறும் 2. வீட்டுல இ.பி. லைன் இருக்கும்போது வாசல்ல டீசல் ஜெனரேட்டர் ஓட்டற மாதிரி. மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனதால தான் இப்படின்னு வார்பர்க் நினைச்சார். பிற்பாடு பார்த்தா பெரும்பாலான கேன்சர்ல மைட்டோகாண்ட்ரியா நல்லாத்தான் வேலை செய்யுது. தெரிஞ்சே தான் செல் இப்படிப் பண்ணுது.

ஏன்? ஏன்னா அதுக்குக் காசு மட்டும் போதாது, செங்கல் வேணும். வேகமா ரெண்டாகப் பிரியணும்னா புது டிஎன்ஏ, புது கொழுப்புச் சவ்வு, புது புரதம் எல்லாம் வேணும். குளுக்கோஸை முழுசா எரிச்சா புகையா போயிடும். பாதியில நிறுத்தினா அந்தத் துண்டுகளை வெச்சுக் கட்டடம் கட்டலாம்.

பெட் ஸ்கேன் எடுக்கறதுக்கு முன்னாடி சாப்பிடாம வரச் சொல்றாங்களே, அது இந்தப் பசியை வெச்சுத்தான். கதிரியக்க ஃப்ளூரின் ஒட்டின சர்க்கரையை ஊசியில ஏத்துவாங்க. எந்த இடம் அதை அதிகமா உறிஞ்சுதோ அந்த இடம் ஸ்கேன்ல பளிச்னு தெரியும்.

இந்தச் சமையல் கதிர்கிட்டேயிருந்து எப்படிக் காப்பாத்துது

மூணு வழியைச் சொல்றேன்.

ஒண்ணு, தீயணைப்பு. குளுக்கோஸ் உடையற பாதையில ஒரு கிளை பிரியுது, பென்டோஸ் பாஸ்பேட் பாதைன்னு பேரு. அதுல என்ஏடிபிஹெச்னு ஒரு பொருள் கிடைக்கும். அது குளுட்டதையோன்ங்கற தீயணைப்பு வண்டிக்குத் தண்ணி நிரப்பற வேலை பார்க்குது. கதிர் உண்டாக்கின ஃப்ரீ ராடிக்கலை டிஎன்ஏ-வைக் கடிக்கறதுக்கு முன்னாடியே அணைக்கறது, உடைஞ்ச முனையைத் துருப்பிடிக்காம பார்த்துக்கறது ரெண்டும் இந்த குளுட்டதையோன் தான். சர்க்கரை நிறைய ஓடற செல்லுல இந்த வண்டி எப்பவும் ரெடியா நிக்கும்.

ரெண்டு, செங்கல். டிஎன்ஏ-வை ரிப்பேர் பண்ணணும்னா டிஎன்ஏ எழுத்துக்கள் கையிருப்புல இருக்கணும். அதைத் தயாரிக்கத் தேவையான ரைபோஸும் அதே கிளைப் பாதையில தான் வருது. அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் குழு ஒண்ணு 2020-ல் மூளைக் கட்டிகளைப் பத்தி எழுதினாங்க. பியூரின்ங்கற எழுத்துவகை நிறைய வெச்சிருக்கற செல்கள் கதிருக்கு அசரலை. அதோட உற்பத்தியைத் தடுத்தா ரிப்பேர் மெதுவாகுது. தடுக்கப் பயன்படுத்தின மருந்து மைகோஃபினோலேட். கிட்னி மாத்தினவங்க வீட்டுல இந்தப் பேரைக் கேட்டிருப்பீங்க. அதே மாத்திரை தான்.

மூணு, புளிப்பு. லாக்டேட்டை ரொம்ப நாள் வெறும் கழிவுன்னு நினைச்சாங்க. 2000-ல் ஒரு ஜெர்மன் குழு கருப்பைவாய்க் கட்டிகள்ல லாக்டேட்டை அளந்து பார்த்தப்ப, லாக்டேட் அதிகமா இருந்தவங்களுக்கு நோய் பரவறதும் திரும்ப வர்றதும் அதிகமா இருந்தது. லாக்டேட்டும் ஃப்ரீ ராடிக்கலை அணைக்க உதவுது, சுத்தியிருக்கற எதிர்ப்புச் செல்களை மந்தமாக்குது. சமீப வருஷங்கள்ல தெரிய வந்தது இன்னும் சுவாரசியம்: ரிப்பேர் டீமோட சில புரதங்கள்மேலயே லாக்டேட் போய் ஒட்டிக்கிட்டு அதை வேகப்படுத்துது.

2023-ல் டெக்சாஸ்ல இருக்கற எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனைக் குழு இன்னொரு படி போனாங்க. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் எடுத்துக்கிட்ட பெண்களோட கட்டிகளை ஆராய்ஞ்சாங்க. லாக்டோபேசில்லஸ் ஐனர்ஸ்ங்கற பாக்டீரியா கட்டியில குடியிருந்தவங்களுக்குச் சிகிச்சை சரியா கேக்கலை. அந்தப் பாக்டீரியா லாக்டேட் சுரந்து சுரந்து, பக்கத்துல இருக்கற கேன்சர் செல்லோட சமையலையே மாத்திடுது. அதாவது மாவைப் புளிக்க வைக்கிற கூட்டத்தோட தூரத்துச் சொந்தம் ஒண்ணு, கட்டிக்குள்ள உட்கார்ந்து கதிரை எதிர்க்கச் சொல்லிக்கொடுக்குது.

இதைக் கேட்டுட்டு யாரும் தயிரையும் இட்லியையும் நிறுத்திடாதீங்க. இது சாப்பாட்டுலேருந்து வர்ற பாக்டீரியா இல்லை. பல பெண்களோட உடம்புல இயல்பா இருக்கறது. சுத்தம், ஒழுக்கம்னு எதையும் இதுல சேர்த்துப் பேச வேண்டாம்.

டெல்லிக்காரங்களோட பொடி

இப்ப 2-டிஜிக்கு வருவோம். டிஆர்டிஓ-வுக்குக் கீழ டெல்லியில இன்மாஸ்னு ஒரு ஆய்வகம் இருக்கு. அணு மருத்துவம் தான் அவங்க துறை. கதிர் உடம்பை என்ன பண்ணும்னு பார்க்கறது ராணுவத்துக்கும் தேவையான விஷயம். அங்கே வினய் ஜெயின், துவாரகநாத் போன்ற விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியை எடுத்துக்கிட்டாங்க.

விதை 1970களில் போட்டது. ஜெயினும் ஜெர்மன் சகாக்களும் கதிர் அடிச்ச ஈஸ்ட் செல்களை வெச்சு, ரிப்பேருக்கு எவ்வளவு சக்தி தேவைன்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. சக்தியை வெட்டினா ரிப்பேர் நின்னுடுது. அதுலேருந்து யோசனை: கேன்சர் செல் பெரும்பாலும் சர்க்கரையைப் பாதியா உடைச்சுத்தான் வாழுது. அந்த வழியை மட்டும் அடைச்சா? சாதாரண செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா இருக்கு, சமாளிச்சுக்கும். கேன்சர் செல் தவிக்கும்.

2-டிஜிங்கறது குளுக்கோஸ் மாதிரியே இருக்கற சர்க்கரை. ஒரே ஒரு ஆக்சிஜன் அணு குறைவு. செல்லோட வாசல்ல அடையாளம் தெரியாது, உள்ளே விட்டுடும். முதல் படியும் நடக்கும். அதுக்கப்புறம் சிக்கிக்கும். பூட்டுக்குள்ள போன தப்புச் சாவி மாதிரி: திரும்பாது, வெளியேயும் வராது, சரியான சாவியையும் போக விடாது. என் பாஷையில சொன்னா, கதிர் சர்வரை விழ வைக்குது. ராத்திரியோட ராத்திரியா சரி பண்ண வேண்டிய டீமோட லேப்டாப்ல சார்ஜை இறக்கறது 2-டிஜி.

மூளையில வர்ற கிளையோமா கட்டிகள்ல இதைச் சோதிச்சாங்க. 1996-ல் வந்த கட்டுரையில 20 நோயாளிகள். ராத்திரி பட்டினி, காலைல உடல் எடையில கிலோவுக்கு 200 மில்லிகிராம் பொடி தண்ணியில கலந்து குடிக்கணும், அரை மணி நேரத்துக்குள்ள 5 கிரே கதிர். வாரத்துக்கு ஒரு தடவை. சுகர் இறங்கினா வருமே, அந்த மாதிரி அறிகுறிகள் வந்தது, ஆனா தாங்கிக்கிட்டாங்க. 2005-ல் வந்த அடுத்த கட்டுரையில அளவை 250, 300னு ஏத்திப் பார்த்தாங்க. 300-ல் நோயாளிகளுக்கு ஒரே பதட்டம், இருப்புக் கொள்ளலை. 250 வரைக்கும் தான் தாங்கும்னு முடிவு. இது எதிர்பார்த்தது தான். உடம்புல குளுக்கோஸை அதிகமா நம்பி வாழற உறுப்பு மூளை. கட்டியோட வாயை அடைக்கப் போனா, சொந்த மூளையும் கொஞ்சம் பட்டினி கிடக்கும்.

அப்புறம் என்ன ஆச்சு? யோசனை நல்லது, பாதுகாப்பும் பரவாயில்லை. ஆனா பெரிய ஒப்பீட்டு ஆய்வுல நிரூபிச்சு எல்லா ஆஸ்பத்திரிக்கும் போற கட்டத்துக்கு வரலை. அதே 2005-ல் டெமோசோலமைட் மாத்திரை கதிர்வீச்சோட சேர்ந்து மூளைக் கட்டிக்கான வழக்கமான சிகிச்சையா ஆயிடுச்சு. பதினாறு வருஷம் கழிச்சு, வைரஸ் புகுந்த செல்லும் சர்க்கரையை அதிகமா தின்னுதுங்கற காரணத்தைக் காட்டி, அந்தப் பொடி கொரோனாவுக்கு அவசர அனுமதியோட வந்தது.

மோட்டாரை நிறுத்தச் சொல்றவங்க

இப்ப நம்ம தெருவுக்கு வாங்க. கடைசி வீட்டுக்குத் தண்ணி போகணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, லைன்ல தண்ணியை அதிகமா விடறது. நோயாளியை அழுத்தக் கூண்டுல வெச்சு ஆக்சிஜன் கொடுத்தெல்லாம் பார்த்தாங்க. சில இடத்துல பலன் தெரிஞ்சது, ஆனா தினசரி சிகிச்சைக்கு ஒத்துவரலை. இன்னொண்ணு, முதல் வீட்டுக்காரங்களை மோட்டாரை நிறுத்தச் சொல்றது.

மோட்டாரை நிறுத்தற மருந்து நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயே இருக்கு. மெட்ஃபார்மின். சுகர் மாத்திரை. அது மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜன் இழுக்கற வேகத்தைக் குறைக்குது. முன்வரிசை செல்கள் கம்மியா இழுத்தா பின்வரிசைக்குப் போய்ச் சேரும். கனடாவுல கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு சின்ன ஆய்வு பண்ணினாங்க, 2022-ல் வெளியாச்சு. மெட்ஃபார்மின் எடுத்தவங்க கட்டியில ஆக்சிஜன் பற்றாக்குறை நிஜமாவே குறைஞ்சது. ஆனா நுரையீரல் கேன்சர்ல இதே மாத்திரையைக் கதிர்வீச்சோட சேர்த்துப் பார்த்த ரெண்டு ஆய்வு 2021-ல் வந்தது. ரெண்டுலயும் பலன் இல்லை. ஒண்ணுல மெட்ஃபார்மின் எடுத்தவங்க நிலைமை இன்னும் மோசமா இருந்தது. அதனால அம்மாவோட சுகர் மாத்திரையை எடுத்து யாரும் கேன்சருக்குன்னு போட்டுக்காதீங்க.

டென்மார்க்ல வேற வழி பிடிச்சாங்க. நிமோரசோல்னு ஒரு மருந்து, ஆக்சிஜன் பார்க்கற வேலையை அது பார்க்கும், உடைஞ்ச முனையில போய் ஒட்டிக்கும். 1998-ல் வெளியான ஆய்வுல தொண்டைக் கேன்சருக்குப் பலன் தெரிஞ்சதால அங்கே அதை வழக்கமான சிகிச்சையிலேயே சேர்த்துட்டாங்க. மத்த நாடுகள் பெரும்பாலும் சேர்க்கலை. இவ்வளவு பேர் இவ்வளவு வருஷம் முயற்சி பண்ணியும் இது ஏன் கஷ்டமா இருக்குன்னா, கட்டி ஒரே வீடு இல்லை. ஒரு தெரு. ஒவ்வொரு வீட்டுலயும் வேற அடுப்பு.

சரி, நாம என்ன பண்ணலாம்

இதுல நம்ம கையில இருக்கறது எதுன்னு மட்டும் சொல்லி முடிச்சுக்கறேன்.

சர்க்கரை. "கேன்சர் சர்க்கரையைத் தான் தின்னும், சோறை நிறுத்து"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. அத்தைக்கும் சொந்தக்காரங்க அனுப்பினாங்க. முதல் பாதி உண்மை, ரெண்டாவது பாதி ஆபத்து. நீங்க சாப்பிடாம இருந்தாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரிச்சு ரத்தத்துல விட்டுக்கிட்டே தான் இருக்கும். கட்டி புரதத்துலேருந்து வர்ற குளுட்டமினையும் தின்னும். இளைக்கறது நீங்க தான், கட்டி இல்லை. உடம்பு இளைச்சுச் சிகிச்சையைப் பாதியில நிறுத்தினா நஷ்டம் நமக்குத் தான். அத்தைகிட்ட ஆஸ்பத்திரியில முட்டை, மீன், பருப்புன்னு நல்லா சாப்பிடச் சொன்னாங்க. அத்தை சோறை விடலை, நெத்திலிக் குழம்பையும் விடலை. சுகர் நோய் இருக்கறவங்க மட்டும் டாக்டர் சொன்ன கட்டுப்பாட்டுல இருங்க.

ரத்தம். ஆக்சிஜனைச் சுமந்துட்டுப் போற லாரி ஹீமோகுளோபின். கருப்பைவாய்ப் புற்றுநோய்ல ரத்தம் குறைவா இருக்கறவங்களுக்குக் கதிர்வீச்சோட பலன் குறையறதைப் பல ஆய்வுல பார்த்திருக்காங்க. தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லுது. அதனால சிகிச்சை தொடங்கும்போதே "ஹீமோகுளோபின் எவ்வளவு?"ன்னு கேளுங்க. நாமளா ஊசி, டானிக் தேட வேண்டாம். ரத்தத்தைக் கூட்டற எரித்ரோபொயட்டின் ஊசியைக் கதிர்வீச்சோட கொடுத்த ஒரு ஆய்வுல, 2003-ல் வெளியானது, முடிவு மோசமா தான் வந்தது. எப்படி ஏத்தறதுன்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

புகை. பீடி, சிகரெட்ல இருக்கற கார்பன் மோனாக்சைடு லாரியில ஆக்சிஜனுக்கான சீட்டைப் பிடிச்சுக்கும். 1993-ல் கனடாவுல வாய், தொண்டைக் கேன்சருக்குக் கதிர்வீச்சு எடுத்த 115 பேரைப் பார்த்தாங்க. சிகிச்சை நடக்கும்போதும் புகைச்சவங்கள்ல 45 சதவீதம் பேருக்குத் தான் கட்டி முழுசா கரைஞ்சது. புகைக்காதவங்கள்ல 74. நம்ம ஏரியா அண்ணன்மாருக்குச் சொல்றேன்: இதுவரைக்கும் பிடிச்சதை விடுங்க. கரண்டு வைக்கிற அந்த ஆறேழு வாரமாவது நிறுத்தினா, அதுக்கே ஒரு அர்த்தம் இருக்கு.

சத்து மாத்திரை. தீயணைப்பு வண்டியை ஞாபகம் வெச்சிருக்கீங்களா? ஆன்டி-ஆக்சிடென்ட்னு விக்கற மாத்திரை கட்டிக்கும் வண்டி அனுப்பலாம். கியூபெக்ல 540 பேர்கிட்ட வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வுல பக்க விளைவு குறைஞ்சது, ஆனா கட்டி திரும்ப வர்ற போக்கும் கூடுதலா தெரிஞ்சது. பழம், கீரை தாராளமா சாப்பிடுங்க. பாட்டில்ல வர்றதை டாக்டரைக் கேட்காம தொடாதீங்க.

கடைசியா, நாள் தவறாம போறது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மொத்தக் கதிர்வீச்சையும் எட்டு வாரத்துக்குள்ள முடிக்கணும்னு வெச்சிருக்காங்க. அதைத் தாண்டிப் போற ஒவ்வொரு நாளுக்கும் கட்டுப்பாடு ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். இடைவெளி கிடைச்சா தப்பிச்ச செல்கள் சமையலை ஆரம்பிச்சுடும், பெருகிடும். எண்ணூர்லேருந்து பஸ் மாறி மாறி 25 நாள் போய் வர்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். அன்னன்னைக்குக் கூலி வேற போகும். பக்கத்து வீட்டுல யாருக்காவது கரண்டு வைக்கிறாங்கன்னா, பூ, பழம் வாங்கிட்டுப் போய்ப் பார்க்கறதோட நிறுத்திக்காதீங்க. ஒரு நாள் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. அன்னைக்கு அவங்க வீட்டுல ஒருத்தர் வேலைக்குப் போகலாம்.

சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க. எனக்குப் புரியற அளவுக்குப் படிச்சுட்டு வந்து சொல்றேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.